நடுவானில் என்ஜின் நின்றால்: வீட்டில் கட்டும் விமானங்கள் குறித்து வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டிப் பறப்பவர்களைப் பற்றி அரைப் பக்கக் குறிப்பு ஒன்று வெளியாகியிருந்தது. அதைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நின்றன: ஒற்றை என்ஜின், அதுவும் தனிமனிதர் ஒருவர் பொருத்திய என்ஜின், மேலே போன பிறகு நின்றுவிட்டால் என்ன கதி? ஆகவே இந்த மாதம் மற்றக் கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு, இந்தப் பொருள் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் தருகிறேன்.

கேள்வி: ஒருவர் தம் வீட்டில் விமானம் கட்டி அதில் பறப்பதைச் சட்டம் எப்படி அனுமதிக்கிறது? யாராவது சோதித்துப் பார்க்கிறார்களா? (வாசகர், திண்டுக்கல்)

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, இத்தகைய விமானங்களைப் 'பரிசோதனை' வகையில் சேர்த்துச் சான்று தருகிறது. கட்டுமான வேலையில் பாதிக்கு மேல், தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ அதை மேற்கொண்டவர்களே செய்திருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. இதை 51 சதவீத விதி என்று சொல்வார்கள். வேலை முடிந்ததும் ஆய்வாளர் ஒருவர் வந்து விமானத்தையும் கட்டுமானப் பதிவேட்டையும் பார்ப்பார். ஆனால் அவர் பார்ப்பது முடிந்த பொருளை. இறக்கைக்குள் மூடப்பட்டுவிட்ட ஒவ்வொரு இணைப்பையும் அவர் பிரித்துப் பார்க்க முடியாது. தொழிற்சாலையில் தயாராகும் விமானத்தின் வடிவமைப்பு பல ஆண்டுகள் சோதிக்கப்பட்டுச் சான்று பெறுகிறது; இங்கே அந்தச் சான்று கிடையாது. அதனால்தான் 'பரிசோதனை' என்ற சொல்லை விமானத்தின் மீது எழுதி வைக்கவேண்டும் என்றும், இது சான்று பெற்ற விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்ற எச்சரிக்கையைப் பயணி கண்ணில் படும் இடத்தில் ஒட்டவேண்டும் என்றும் விதி உள்ளது.

சான்று கிடைத்த உடனே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு புறப்பட முடியாது. சான்று பெற்ற என்ஜினும் அதற்குரிய புரொப்பெல்லரும் (விமானத்தை நகர்த்தும் சுழல்விசிறி) பொருத்தியிருந்தால் 25 மணி நேரமும், இல்லாவிட்டால் 40 மணி நேரமும், குறிப்பிட்ட எல்லைக்குள் சோதனைப் பறத்தல் செய்யவேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் நடைமுறை. இந்த 25, 40 என்ற வேறுபாட்டைக் கவனியுங்கள். என்ஜின் எது என்பதைப் பொறுத்துத்தான் அரசாங்கமே தன் நம்பிக்கையை அளக்கிறது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. 1903இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்டதும் சைக்கிள் கடையில் கட்டப்பட்ட விமானம்தான். அதன் 12 குதிரைத்திறன் என்ஜினை அந்தக் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் சுமார் ஆறு வாரத்தில் செய்து முடித்தார்.

கேள்வி: நான் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் திறக்கப்படாத கார் என்ஜின்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு உழைக்கும் என்ஜினை விமானத்தில் வைத்தால் மட்டும் ஏன் நம்பமுடியாது என்கிறார்கள்? (வாசகர், கோயம்புத்தூர்)

கோயம்புத்தூரிலிருந்து இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். விலையைப் பார்த்தாலும் உங்கள் எண்ணம் நியாயமானதே. புதிய விமான என்ஜின் ஒன்றின் விலையில் நல்ல கார் ஒன்றையே வாங்கிவிடலாம். ஃபோக்ஸ்வாகன் பீட்டில், சுபாரு, செவர்லே கோர்வேர் ஆகிய கார்களின் என்ஜின்களைப் பொருத்திப் பலர் பல்லாண்டுகள் பறந்திருக்கிறார்கள் என்பதும் உண்மை.

ஆனால் நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் கார், தன் என்ஜினின் முழுத்திறனில் ஒரு சிறு பங்கைத்தான் கேட்கிறது. முந்திச் செல்லும்போது சில நொடிகள் மட்டுமே முழுவதையும் கேட்கிறது. விமானமோ ஏறும்போது பல நிமிடங்கள் முழுத்திறனையும், அதன்பிறகு மணிக்கணக்கில் 65 முதல் 75 சதவீதம் வரையும் கேட்கும். உங்கள் பட்டறைக்கு வரும் கிணற்று மோட்டாரையும் மிக்ஸி மோட்டாரையும் ஒப்பிட்டுப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

அடுத்தது சுழற்சி வேகம். புரொப்பெல்லரின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கினால் இழுவிசை குறைந்து இரைச்சல்தான் மிஞ்சும். ஆகவே வழக்கமான விமான என்ஜின்கள் நிமிடத்துக்கு 2,700 சுற்றை ஒட்டியே நிறுத்திக்கொள்கின்றன. கார் என்ஜினோ தன் பலத்தை 5,000, 6,000 சுற்றில்தான் காட்டும். இரண்டுக்கும் இடையே பல்சக்கரமோ பெல்ட்டோ கொண்டு வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அந்த இணைப்பில்தான் பலருடைய கனவு உடைந்திருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் தண்டு சற்றே முறுக்கிக்கொண்டு மீள்கிறது; அந்த முறுக்கு அதிர்வும் புரொப்பெல்லரின் நிறையும் ஏதோ ஒரு வேகத்தில் ஒத்திசைந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாமல் உலோகம் களைத்து, ஒருநாள் பல்லோ தண்டோ முறிந்துவிடும். என்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும், புரொப்பெல்லர் நின்றுவிடும். ரோட்டாக்ஸ் 912 என்ற சிறு விமான என்ஜினும் 5,800 சுற்று வரை ஓடிப் பல்சக்கரத்தால் வேகத்தைக் குறைப்பதுதான், அது நம்பகமானது என்றும் பெயர் பெற்றிருக்கிறது. ஆனால் அங்கே என்ஜினும் பல்சக்கரமும் சேர்த்தே வடிவமைக்கப்பட்டுச் சேர்த்தே சோதிக்கப்பட்டவை.

மூன்றாவதாக, தீப்பொறி. லைகாமிங் போன்ற பழைய பாணி என்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குத் தனித்தனியாக இரண்டு மேக்னெட்டோ. மேக்னெட்டோ தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பேட்டரி செத்தாலும் என்ஜின் ஓடும். இக்காலக் கார் என்ஜினுக்கோ கணினியும் பெட்ரோல் பம்ப்பும் உயிர். இரண்டும் ஒரே பேட்டரியை நம்பி, அந்தப் பேட்டரியின் கம்பி ஒரே ஒரு திருகாணியை நம்பி இருந்தால், இரண்டு லட்சம் கிலோமீட்டர் உழைக்கும் என்ஜினைத் தளர்ந்த ஒரு திருகாணி நிறுத்திவிடும். சாலையில் அப்படி நின்றால் ஓரங்கட்டிவிட்டு மெக்கானிக்கை அழைப்பீர்கள்.

கேள்வி: அப்படியானால், நின்றுபோகும் என்ஜின்களில் பெரும்பாலும் உடைவது எந்தப் பாகம்? (வாசகி, நாகர்கோவில்)

பெரும்பாலும் எதுவுமே உடைவதில்லை, அம்மா. பிஸ்டன் உருகியது, கிராங்க் முறிந்தது என்ற செய்திகள் உண்டு. ஆனால் விபத்துக்குப் பின் என்ஜினைக் கழுவி மேசையில் வைத்து இயக்கினால் நன்றாக ஓடிய கதைகளும் நிறைய உண்டு. என்ஜினுக்கு வேண்டியது மூன்று: எரிபொருள், காற்று, தீப்பொறி. இவற்றைக் கொண்டுவந்து சேர்க்கும் குழாய், வடிகட்டி, வால்வு, கம்பி ஆகியவற்றை அமைப்பது என்ஜின் தொழிற்சாலை அல்ல, கட்டுபவர்தான். சான்று பெற்ற புத்தம்புது என்ஜினையே வாங்கிப் பொருத்தினாலும் இந்த உண்மை மாறாது.

இவற்றில் எரிபொருள்தான் முதற்குற்றவாளி. டேங்க்கின் உட்புறம் பூசிய பசை உரிந்து துணுக்காக மிதந்து வடிகட்டியை அடைக்கும். டேங்க்குக்குள் காற்றை விடும் சிறு துளையைக் குளவியோ மண்ணோ மூடிவிட்டால், உள்ளே வெற்றிடம் உண்டாகி, டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் குழாயில் வராது. எரிபொருள் குழாயைச் சூடான வெளியேற்றுக் குழாய்க்கு அருகே கொண்டுபோனால், பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிக் குமிழாக நின்று வழியை அடைக்கும். வெயில் நாளில், கார் பெட்ரோலை ஊற்றியிருந்தால், இது இன்னும் எளிதாக நடக்கும்.

இதைத் தரையிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதற்கு வேண்டியவை ஒரு வாளியும் ஒரு கடிகாரமும்தான். விமானம் மிகுந்த சரிவில் ஏறும்போது மூக்கு எவ்வளவு நிமிர்ந்திருக்குமோ அவ்வளவு நிமிர்த்தி நிறுத்தி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி வாளியில் விடவேண்டும். பம்ப் இல்லாமல் தானாக இறங்கும் அமைப்பு என்றால், புறப்படும்போது என்ஜின் குடிக்கும் அளவைப் போல் 150 சதவீதம் வரவேண்டும். பம்ப் இருந்தால் 125 சதவீதம். மணிக்கு 40 லிட்டர் குடிக்கும் என்ஜினுக்கு, முதல் வகையில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் விழுகிறதா என்று பார்த்தால் போதும். விமானம் சமதளத்தில் நிற்கும்போது இதைச் செய்துவிட்டுத் திருப்திப்படுபவர்கள் இருக்கிறார்கள். டேங்க் குறைவாக இருந்து மூக்கும் நிமிர்ந்திருக்கும்போதுதான் குழாயின் வாய் பெட்ரோலை விட்டு விலகும். முதற்பறத்தலில் நூறடி உயரத்தில் நேர்வதும் அதுவே.

நீரைப் பற்றியும் சொல்லவேண்டும், அது என் சொந்தக் கதை. பயிற்சிக் காலத்தில், இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், வெளியே நின்ற சிறு விமானத்தின் டேங்க்கிலிருந்து அடிப்பெட்ரோலைச் சிறு கண்ணாடிக் குப்பியில் வடித்துப் பார்க்கும் வேலை எனக்கு. பெட்ரோலுக்கு அடியில் நீர் தனியாகத் தங்கும், இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும் என்று கற்றுத் தந்திருந்தார்கள். குப்பியை வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். கோடு இல்லை, தூசு இல்லை, பளிங்குபோல் இருந்தது. "சுத்தமாக இருக்கிறது சார்" என்றேன். மூத்த பொறியாளர் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில் நீலம் எங்கே?" என்று கேட்டார். விமானப் பெட்ரோலுக்கு அடையாளத்துக்காக வெளிர் நீலச் சாயம் சேர்த்திருப்பார்கள். என் குப்பியில் இருந்தது முழுக்க முழுக்க மழைநீர். டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. அன்று ஐந்து குப்பி வடித்த பிறகுதான் நீலம் வந்தது.

கேள்வி: அமெரிக்க 'கன்ட்ரி' இசைப் பாடகர் ஜான் டென்வர் இத்தகைய விமானத்தில்தான் இறந்தாரா? என்ஜின் நின்றதுதான் காரணமா? (வாசகர், சென்னை)

ஆம், இத்தகைய விமானம்தான். என்ஜின் நின்றது காரணமா என்ற கேள்விக்கு மட்டும் ஒரு சொல்லில் பதில் தரமுடியாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்புவதில் பாதி அந்த விபத்தில் இருக்கிறது.

1997 அக்டோபர் 12 மாலை, கலிஃபோர்னியாவின் மான்டரே விமான நிலையத்திலிருந்து அவர் தனியாகப் புறப்பட்டார். விமானம் லாங்-ஈஸி, அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் வரைந்த வடிவம். சிறு இறக்கை முன்னாலும் பெரிய இறக்கை பின்னாலும், என்ஜின் முதுகுப்புறத்திலும் இருக்கும் விமானம் அது. கட்டியவர் டென்வர் அல்லர். அவர் அதை வாங்கி அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. டென்வர் கற்றுக்குட்டியும் அல்லர். 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம் உடையவர். இந்த விமானத்தில் மட்டும் புதியவர்.

லாங்-ஈஸியின் வரைபடப்படி, இடது டேங்க்கா வலது டேங்க்கா என்று மாற்றும் வால்வின் கைப்பிடி, விமானியின் கால்களுக்கு நடுவே கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். கட்டியவரோ பெட்ரோல் குழாய் விமானி அறைக்குள் வரவே கூடாது என்று எண்ணி, அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரில் வைத்துவிட்டார். தீ விபத்தைத் தவிர்க்க வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான் அது. எந்த நிலை எந்த டேங்க் என்று கைப்பிடியில் குறி எதுவும் இல்லை. எரிபொருள் அளவு காட்டும் கண்ணாடிக் குழாய்களும் விமானிக்குப் பின்புறம்; அவற்றிலும் அளவுக்கோடுகள் இல்லை. புறப்படும் முன் டென்வரும் ஒரு மெக்கானிக்கும் இந்தக் கைப்பிடியைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். எட்டவில்லை என்று ஒரு இடுக்கியைக் கைப்பிடியில் மாட்டிப் பார்த்தும் பயனில்லை. பின்னால் உள்ள அளவைப் பார்ப்பதற்காக அந்த மெக்கானிக் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்தார். பெட்ரோல் நிரப்பவா என்று கேட்டபோது, கொஞ்ச நேரம்தான் பறக்கப் போகிறேன், வேண்டாம் என்று டென்வர் சொல்லிவிட்டார்.

சில முறை ஓடுதளத்தைத் தொட்டு எழும்பிய பிறகு கடற்கரைப் பக்கம் போனார். கரையில் இருந்தவர்கள் என்ஜின் ஓசை தடுமாறுவதைக் கேட்டார்கள். விமானம் ஒருபுறம் சாய்ந்து, மூக்கு கவிழ்ந்து, பசிஃபிக் குரோவ் அருகே கடலில் விழுந்தது.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் ஆய்வாளர்கள் அதே வகை விமானத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தக் கைப்பிடியை எட்ட வேண்டுமென்றால் இருக்கையோடு தோளைப் பிணைக்கும் தோள்வாரைத் தளர்த்தி, உடம்பை இடப்புறம் முழுவதும் திருப்பி, வலக்கையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். அப்படித் திரும்பும்போது மனித உடல் ஊன்றிக்கொள்ள இடம் தேடும். வலக்கால் தானாகவே நீண்டு வலது ரட்டர் பெடலை, அதாவது விமானத்தின் மூக்கை வலப்புறம் திருப்பும் சுக்கானின் மிதியை, அழுத்தும். கைப்பிடியைத் திருப்ப முயன்றதில் கவனம் சிதறி, அறியாமல் வலது ரட்டரை அழுத்தியதால் கட்டுப்பாடு போனது என்றும், எரிபொருள் நிரப்பாமல் புறப்பட்டதும் காரணம் என்றும் வாரியம் முடிவு செய்தது. குறியில்லாத கைப்பிடியை எட்டாத இடத்தில் வைத்ததும், புதிய விமானத்துக்கான பயிற்சிப் போதாமையும் துணைக் காரணங்களாகச் சேர்க்கப்பட்டன.

என் கருத்தைச் சொல்கிறேன். அந்த என்ஜின் பழுதடையவில்லை, பட்டினி கிடந்தது. மற்ற டேங்க்கில் எரிபொருள் இருந்தால்கூட, அதைத் திறக்கும் கைப்பிடி தப்பான இடத்தில் இருந்தது. கட்டியவர் தாமே பறந்து பழகிய விமானத்தில் அந்தக் கைப்பிடி அவருக்கு ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. ஒருவர் தமக்காகச் செய்துகொண்ட மாற்றம், அடுத்தவர் கைக்குப் போகும்போது கண்ணியாகிவிடுகிறது.

கேள்வி: வெயில் அடிக்கும் நாளிலும் கார்புரேட்டரில் பனிக்கட்டி கட்டும் என்று படித்தேன். நம்பும்படி இல்லையே? (வாசகர், குன்னூர்)

நம்புங்கள். கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போது அழுத்தம் குறைந்து குளிர்கிறது; அங்கேயே பெட்ரோல் ஆவியாவதால் மேலும் குளிர்கிறது. கையில் ஸ்பிரிட் பட்டால் சில்லிடுவது போலத்தான். வெப்பநிலை 20 டிகிரிக்கும் மேல் இறங்கிவிடும். காற்றில் ஈரம் இருந்தால் அது உறைந்து கழுத்தை அடைக்கும். வெளியே 21 டிகிரிக்குக் கீழும் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலும் இருக்கும்போது இது மிகுதியாக நேரும். உங்கள் ஊரின் மழைக்காலக் காலைப்பொழுது அப்படியே பொருந்தும். 38 டிகிரியிலும் நடக்கக்கூடும் என்று எஃப்ஏஏவின் பாடநூல் எச்சரிக்கிறது.

இதற்கு மருந்து, வெளியேற்றுக் குழாயைச் சுற்றிச் சூடாகும் காற்றைக் கார்புரேட்டருக்குள் திருப்பிவிடும் ஒரு கதவு. வேடிக்கை என்னவென்றால், அதைத் திறந்ததும் உருகிய நீர் என்ஜினுக்குள் போய், சில நொடிகள் அது முன்னிலும் மோசமாக இருமும். அனுபவமில்லாதவர் பயந்து கதவை மூடிவிடுவார். அதோடு கதை முடியும். வீட்டில் கட்டுபவர்களில் சிலர் எடையைக் குறைக்க இந்த அமைப்பையே விட்டுவிடுவதும், வைத்தாலும் போதிய சூடு வருகிறதா என்று அளந்து பார்க்காததும் உண்டு.

கேள்வி: என்ஜின் நின்றால் விமானம் கல் போல விழுமா? புறப்பட்ட உடனே நின்றால் திரும்பி ஓடுதளத்துக்கே வந்துவிட முடியாதா? (வாசகர், மதுரை)

கல் போல விழாது. சிறு விமானம் ஒன்று ஓர் அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னே போகும். ஆயிரம் அடி உயரத்தில் நின்றால் காற்றில்லாத நாளில் சுமார் இரண்டே முக்கால் கிலோமீட்டர் சறுக்கிப் போகலாம். சில வீட்டு விமானங்கள் இதைவிட நன்றாகச் சறுக்கும். குட்டை இறக்கையோடு வேகத்துக்காகக் கட்டப்பட்டவை மோசமாகச் சறுக்கும்.

ஆபத்து உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. புறப்பட்டு முந்நூறு, நானூறு அடியில் என்ஜின் நின்றால், முதுகுக்குப் பின்னால் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நல்ல தார்த்தளம் இருக்கிறது என்ற எண்ணம் விமானியைப் பிடித்து இழுக்கும். இந்தத் திருப்பத்தை விமானிகள் 'முடியாத திருப்பம்' என்றே அழைக்கிறார்கள். பாதி வட்டம் திரும்பினால் ஓடுதளத்துக்கு இணையாகப் பக்கத்து வயலில்தான் இருப்போம். அதற்குமேலும் திரும்பி, பிறகு எதிர்ப்பக்கம் ஒடித்து நேராக்க வேண்டும். அதற்குள் உயரம் தீர்ந்துகொண்டே வரும். சீக்கிரம் திரும்பவேண்டும் என்று விமானத்தைக் கூடுதலாகச் சாய்ப்பார். மூக்கு கவிழ்கிறதே என்று கட்டுப்பாட்டுத் தண்டைத் தம் பக்கம் இழுப்பார். 45 டிகிரி சாய்ந்தால் இறக்கை தாங்கி நிற்க வேண்டிய குறைந்தபட்ச வேகம் 19 சதவீதம் கூடுகிறது. 60 டிகிரியில் 41 சதவீதம். வேகம் போதாதபோது இறக்கை காற்றைப் பிடிப்பதை விட்டுவிடும். இதைத்தான் ஸ்டால் என்கிறோம். தாழ்ந்த பக்கத்து இறக்கை முதலில் விட்டுவிட்டால், விமானம் புரண்டு தலைகீழாகிச் சுழலும். நானூறு அடியில் அதிலிருந்து மீள இடம் இல்லை.

என்ஜின் நின்ற கணத்தில் செய்யவேண்டியது, மனம் ஒப்பாத ஒரு செயல்: மூக்கைக் கீழே தள்ளவேண்டும். ஏறிக்கொண்டிருந்த விமானத்தில் இது சில நொடிகளில் நடந்தாக வேண்டும். பிறகு எதிரே, இருபுறமும் சற்றே திரும்பினால் எட்டும் தூரத்தில், இருப்பதில் நல்ல இடத்தில் இறக்கவேண்டும். விமானம் நொறுங்கட்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டு, புதரிலும் வரப்பிலும் தேய்ந்து மூன்று மீட்டர் தூரத்தில் நின்றாலும், நல்ல தோள்வார் அணிந்த மனிதன் பிழைக்க வாய்ப்பு உண்டு. 115 கிலோமீட்டர் என்றால் மோதும் ஆற்றல் இருமடங்குக்கு மேல். சான்று பெற்ற ஒற்றை என்ஜின் விமானங்களுக்கு ஸ்டால் வேகம் 61 நாட், அதாவது மணிக்கு சுமார் 113 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று நெடுங்காலம் விதி வைத்திருந்ததற்குக் காரணம் இதுதான். வீட்டில் கட்டும் விமானத்துக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை.

கேள்வி: ஏற்கெனவே பலமுறை பறந்த விமானத்தைப் பழையதாக வாங்குவது புதிதாகக் கட்டுவதைவிடப் பாதுகாப்பானதுதானே? (வாசகர், திருநெல்வேலி)

அப்படித்தான் தோன்றும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. அந்நாட்டின் பொது விமானப் போக்குவரத்தில் (விமான நிறுவனச் சேவையும் ராணுவமும் அல்லாத பறத்தலில்) உள்ள விமானங்களில் வீட்டில் கட்டியவை பத்து சதவீதத்தை ஒட்டியே இருந்தன. ஆனால் 2011இல் நேர்ந்த விபத்துகளில் சுமார் 15 சதவீதமும், உயிர் பறித்த விபத்துகளில் சுமார் 21 சதவீதமும் அவற்றினுடையவை. அந்த ஆண்டு ஆராயப்பட்ட வீட்டு விமான விபத்துகளில் பாதிக்கு மேல், இன்னொருவர் கட்டியதை வாங்கியவர்களுக்கு நேர்ந்தவை. புதிய உரிமையாளர் முதன்முதலாக ஏறிய அன்றே நேர்ந்தவையும் அவற்றில் உண்டு.

அதே ஆய்வு, விபத்துகளின் தொடக்க நிகழ்வாக முன்னிற்பவை என்ஜின் கோளாறும் கட்டுப்பாடு இழத்தலும் என்றும், அவற்றில் உயிரிழப்புக்கு அதிகம் காரணமாவது கட்டுப்பாடு இழத்தல் என்றும் சொல்கிறது. மதுரை வாசகருக்கு நான் சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

வாங்கியே ஆகவேண்டும் என்றால், கட்டியவரின் பதிவேட்டைக் கேளுங்கள். வரைபடத்திலிருந்து எங்கெங்கே விலகினார் என்று கேளுங்கள். பிறகு இருக்கையில் உட்கார்ந்து தோள்வாரை இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, எரிபொருள் வால்வைத் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: நான் பொறியியல் மாணவன். நம் நாட்டில் விமானம் கட்டிப் பறக்க முடியுமா? (வாசகர், திருச்சி)

கட்டலாம், பதிவும் அனுமதியும் பெறாமல் பறக்க முடியாது. அவற்றை விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ தரவேண்டும். மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ், தம் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டி 2016இல் கண்காட்சிக்கு வைத்தார். பல ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு 2017இல்தான் அதற்குப் பதிவு எண் கிடைத்தது. செய்தித்தாள்களில் அவ்வப்போது வரும், பைக் என்ஜினைப் பொருத்தி வயலில் எழும்பிப் பார்க்கும் இளைஞர்களின் படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். அவர்கள் திறமைசாலிகள், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் படங்களில் தலைக்கவசம் கூடத் தெரிவதில்லை.

உங்களுக்கு இப்போதைக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் கல்லூரிப் பட்டறையில் ஏதேனும் ஓர் என்ஜினை இரும்புச் சட்டத்தில் பூட்டி, முழுத்திறனில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். எந்தக் கிளிப் தளர்கிறது, எந்தக் குழாய் உரசுகிறது, எந்தக் கம்பி சூடாகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தப் பட்டியலை எனக்கு அனுப்பினால் அடுத்த இதழ் ஒன்றில் வெளியிடுகிறேன்.

கேள்வி: விமானத்துக்கே பாராசூட் கட்டிவிட்டால் என்ன? (வாசகி, புதுச்சேரி)

கட்டுகிறார்கள். கைப்பிடியை இழுத்தால் ஒரு சிறு ராக்கெட், விமானத்தின் முதுகைக் கிழித்துக்கொண்டு பாராசூட்டை வெளியே இழுக்கும். முழு விமானமும் அதில் தொங்கியபடி இறங்கும். விரிவதற்கு உயரம் வேண்டும் என்பதால், புறப்பட்ட சில நொடிகளில் என்ஜின் நின்றால் பயன்படாது. பயன்படுத்தாமலே விமானம் தரையில் மோதிவிட்டால் அந்த ராக்கெட் உயிரோடு உள்ளேயே கிடக்கும். உதவிக்கு ஓடிவருபவர்கள் உடைந்த பாகத்தை வெட்டும்போது அது சீறிக் கிளம்பலாம். அதனால்தான் இந்த அமைப்பு உள்ள விமானங்களின் பக்கவாட்டில், ராக்கெட் வெளிவரும் இடத்தருகே எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். தீயணைப்பு வீரர்கள் முதலில் தேடவேண்டியது அந்தச் சீட்டை.